கிறிஸ்ரினாவின் பங்கு

கொழும்புத்துறை எமில்ராஜின் படகில் பங்கு பிரிப்பது எல்லோருக்கும் முன்னால்தான். எண்ணெய்க் காசைக் கழித்து, படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு. காய்ச்சலில் கிடப்பவனின் பங்கு வீட்டுக்குப் போகும். கூடத் தொழில் செய்த லெனாட் செத்தபோது, அந்தப் பருவம் முடியும்வரை அவன் பங்கை எமில்ராஜே கொண்டுபோய் அவன் மனைவியிடம் கொடுத்தார்.

அதனால்தான் அவர் விடுமுறைக் கழகத்தில் சேர்ந்தார். யாழ்ப்பாண நகரத்து ஹோட்டல் ஒன்றில் இலவசமாக இராச்சாப்பாடு போட்டு, கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் விளக்கினார். பணம் கட்டினால் வருடாவருடம் 'பொயின்ற்' என்ற புள்ளிகள் வரும். புள்ளிகளைக் கொடுத்துக் கழகத்தின் ஹோட்டல்களில் தங்கலாம். தங்காவிட்டால் அவை அடுத்த வருடத்துக்குச் சேரும். மற்றவர்கள் கை கழுவிக்கொண்டு நழுவினார்கள். எமில்ராஜ் மட்டும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"பங்கு மாதிரித்தான்," என்றார் மனைவி கிறிஸ்ரினாவிடம். "எங்கடை பங்கு அங்கை பத்திரமாய்க் கிடக்கும்."

"அங்கை தேத்தண்ணி ஆர் போடுறது?"

"அவங்கள்தான். இருக்கிற இடத்துக்குக் கொண்டுவந்து தருவாங்கள்."

"அப்பப் போவம்."

கலியாணம் முடித்த நாளிலிருந்து விடியப்புறம் எழும்பி அவருக்குத் தேத்தண்ணி போட்டவள் அவள்.

முதல் வருடமே நுவரெலியா போகலாம் என்று கிறிஸ்ரினா குளிருக்கு ஒரு கம்பளிச் சட்டை வாங்கினாள். அப்போது இறால் நன்றாகப் பட்டுக்கொண்டிருந்தது; தொழிலை விட்டுப் போக அவருக்கு மனமில்லை. எமில்ராஜ் கொழும்பில் எஞ்சினியராக இருக்கும் மகன் ஜெறோமிடம் எப்போது போவது நல்லது என்று கேட்டார். அவன் கணினியில் போட்டுப் பார்த்தான்.

"இந்த வருசம் போனால் மூண்டு இரவுதான், அப்பா. சேத்து வையுங்கோ. பெரிய அறையிலை ஒரு கிழமை இருக்கலாம். அதுதான் லாபம்."

சட்டை அலுமாரிக்குள் போனது. அடுத்த வருடம் அவள் ஒருமுறை கேட்டாள்.

"இஞ்சரப்பா, உங்கடை பொயின்ற் குட்டி போட்டிட்டுதோ?"

"பொறு, போடும்."

மூன்றாம் வருடம் அவள் கேட்கவில்லை. வயிற்றில் கட்டி என்றார்கள். கண்டுபிடித்தபோது பிந்திவிட்டது. அவளைக் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்கவைத்து, கடைசிவரை பார்த்தது அவள் தங்கை ஸ்ரெல்லாதான்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த பின்னேரம் எமில்ராஜ் மகனைக் கூப்பிட்டார்.

"தம்பி, அந்தப் பொயின்ற் உண்மையிலை என்ன பெறுமதி? அம்மான்ரை பங்கை ஸ்ரெல்லாவுக்குக் குடுக்கவேணும்."

ஜெறோம் கணினியைத் திறந்தான். கட்டிய காசையெல்லாம் ஒவ்வொன்றாய்க் கூட்டினான்.

"விக்கேலாதப்பா. வருசக் கட்டணம் இருக்கு. சும்மா குடுத்தாலும் எடுக்கமாட்டினம்."

"தங்கினால்?"

"இவ்வளவு நாளும் கட்டினதைப் பிரிச்சுப் பாத்தால், ஒரு இரவுக்கு ரெண்டு மடங்கு குடுத்திருக்கிறம். அதே அறையைப் பாதிக் காசுக்குச் சும்மா போனிலை பதிஞ்சிருக்கலாம்."

"காசை விடு. எத்தினை இரவு கிடக்கு?"

"நாலு. அதுவும் இந்த வருசத்தோடை காலாவதி."

"மூண்டு வருசத்துக்கு நாலோ? முதல் வருசமே மூண்டெண்டு சொன்னனி."

"ஒரு இரவுக்கு எடுக்கிற பொயின்றை வருசம் வருசம் கூட்டிப்போட்டாங்கள். நான் அதைக் கணக்கிலை சேக்கேல்லை."

"அப்ப காத்திருந்ததுக்கு ஒரு இரவு."

"ஓம் அப்பா."

ஜெறோம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். எமில்ராஜ் அவன் தோளைத் தொட்டார்.

"நீ கணக்குத்தான் சொன்னனி. கூட்டிக்கொண்டு போகவேண்டியவன் நான்."

நாலு இரவும் ஸ்ரெல்லாவுக்கு என்று அவர் தீர்மானித்தார். பாதி உங்களுடையதல்லவா என்று மகன் கேட்டதற்குத் தனக்கு அதில் ஒன்றும் வேண்டாம் என்றார். ஆனால் உறுப்பினர் நேரில் வந்து கையெழுத்து வைக்கவேண்டுமென்பது கழகத்தின் விதி. உறுப்பினர்கள் இரண்டு பேர். ஒருத்தி சேமக்காலையில் மண்ணுக்குள் கிடந்தாள்.

ஆகவே ஸ்ரெல்லாவோடும் அவள் புருசன் றோயோடும் அவரும் நுவரெலியாவுக்குப் பஸ் ஏறினார். மலையில் ஏறஏற றோய் போர்வைக்குள் சுருண்டான்.

"ஐஸ் போட்ட பாரை மீன் மாதிரிக் கிடக்கிறன், அண்ணை. விலை பேசி வித்துப்போடாதேங்கோ."

"உன்னை ஆர் வாங்கிறது," என்றாள் ஸ்ரெல்லா. அவள் அக்காவின் கம்பளிச் சட்டையைப் போட்டிருந்தாள். கிளம்புமுன் எமில்ராஜ்தான் அதன் விலைத்துண்டைக் கத்தரித்துக் கொடுத்தார்.

ஹோட்டலில் கையெழுத்து வைத்தார். அறைத் திறப்பை ஸ்ரெல்லாவிடம் கொடுத்துவிட்டுப் பையைத் தூக்கினார்.

"போட்டு வாறன் பிள்ளை. பின்னேர பஸ் இருக்காம்."

"அத்தான், இவ்வளவு தூரம் வந்திட்டு? ஒரு தேத்தண்ணியாவது குடிச்சிட்டுப் போங்கோ."

அவர் வாசல் பக்கத்துக் கதிரையில் இருந்தார். வெள்ளைச் சட்டைப் பையன் தட்டோடு வந்து, குனிந்து, கோப்பையை அவர் முன்னால் வைத்தான். சீனி தனியாக இருந்தது. எமில்ராஜ் கோப்பையைக் கொஞ்ச நேரம் தொடவில்லை. பிறகு மிச்சம் விடாமல் குடித்தார்.

ஜெறோம் போன் எடுத்தான்.

"அறை எப்பிடியப்பா?"

"அறை பாக்கேல்லை. தேத்தண்ணி குடிச்சனான்."

"நல்லதோ?"

"அம்மாவுக்குச் சொன்ன மாதிரி, இருந்த இடத்துக்குக் கொண்டுவந்து தந்தாங்கள், தம்பி."

மறுபக்கத்தில் விம்மி மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. வெளியே பஸ்சுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. மகன் அழுது முடியும்வரை எமில்ராஜ் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.