மருந்து இருக்கிறதா என்று கேட்டவர்

முதலில் கார் எண்ணை எழுதிக்கொண்டேன். சிறிய வெள்ளைக் கார், கோலாலம்பூர்ப் பதிவு, நேரம் காலை பதினொன்றரை. விடியலில் ஆள்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பும் பெரட்டுக் களத்தில் அதை நிறுத்திவிட்டு ஓர் அம்மாள் இறங்கினார். நாற்பது வயதிருக்கும். கையில் பழுப்பு நிறக் கோப்பு. ரிங்லெட்டுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கோப்போடு வந்தவர் யாரும் நல்ல செய்தி கொண்டுவந்ததில்லை.

அது எழுபதுகளின் பிற்பாதி. நான் பினாங்கில் ஒரு தமிழ் நாளிதழின் நிருபர். அம்மா யாரையோ கொண்டு கடிதம் எழுதி என்னை அழைத்ததால் விடுப்பில் வந்திருந்தேன். காரணம் என் தங்கை. தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் பெண் அவள். இரண்டாம் ஆண்டுத் தேர்வுக்கு ஆறு வாரம் இருந்தபோது தாப்பாவில் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டாள். பெட்டி இல்லை, மாற்றுத்துணி இல்லை. ஒரு துணிப்பையில் பாடக் குறிப்புகள் மட்டும் இருந்தன. பன்னிரண்டு நாளாகத் தூக்கமில்லை. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துபோவாள். அடுப்படியின் பின்வாசலில் உட்கார்ந்து தேயிலைச் சரிவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் வந்த அன்று, "இப்படியே செத்துட்டா நல்லது அண்ணே" என்றாள். சத்தமில்லாமல், கணக்குப் பாடத்தில் விடை சொல்வதுபோலச் சொன்னாள். சோர்வில் பேசுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

அவள் ஏன் வந்தாள் என்பதில் ஆளுக்கொரு சந்தேகம். லயத்துப் பெண்கள் யாரோ ஒரு பையன் என்றார்கள். செய்வினை என்றார் அம்மா. என் சந்தேகம் வேறு. மாணவர் கூட்டங்களில் யார் யார் நின்றார்கள் என்று போலீஸ் விசாரித்துக்கொண்டிருந்த காலம் அது. அவளுக்குப் பயப்பட ஏதோ இருக்கிறது, அதைத் தேடி ஒரு நாள் யாராவது வருவார்கள் என்று நினைத்திருந்தேன். இதோ, வந்தாயிற்று.

"நான் யூனிவர்சிட்டியில இருந்து வாறன், தம்பி. மனக்கஷ்டத்தில இருக்கிற பிள்ளைகளோட கதைக்கிறதுதான் என்ர வேலை. உங்கட தங்கச்சி அறைத்தோழிக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறா. அந்தப் பிள்ளை பயந்துபோய் என்னட்டக் கொண்டுவந்து தந்தவ."

யாழ்ப்பாணத் தமிழ். தோட்டத்தில் அந்தப் பேச்சை நாங்கள் கேட்டது, எங்கள் பெயரையும் கூலியையும் எழுதும் ஆபீஸ் கிராணிகளிடம்தான். பக்கத்து வீட்டுச் சித்தி என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"கிராணி வூட்டு ஆளுலா இது. வாயத் தொறக்காதே."

அடையாள அட்டையைக் கேட்டேன். கொடுத்தார். முத்திரை, கையொப்பம், படம் எல்லாம் சரியாக இருந்தன. இப்படி ஓர் அட்டையை எங்கள் அச்சகத்தில் அரை நாளில் அடித்துவிடலாம் என்று எண்ணியபடி திருப்பிக் கொடுத்தேன்.

"கார் நம்பரையும் எழுதிப்போட்டீங்கள் போல?"

"ஆமா."

"நல்லது. திரும்பிப் போகேக்க பள்ளத்துக்க விழுந்தா, ஆரெண்டு சொல்ல ஓராள் வேணும்தானே."

நான் சிரிக்கவில்லை.

வீட்டுக்குள் அவருக்கு ஸ்டூல் போட்டோம். அப்பா அன்று மருந்தடிக்கும் வேலை முடிந்து சீக்கிரம் திரும்பியிருந்தார். அம்மா கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்தார். தங்கை பின்வாசலிலேயே இருந்தாள். நாங்கள் பேசுவது அவளுக்குக் கேட்கும்.

"பிள்ளை நித்திரை கொள்ளுறாவோ?"

"நல்லா தூங்குதுங்க" என்றார் அம்மா.

"சாப்பாடு?"

"காலையில நாலு ரொட்டி தின்னுச்சு" என்று சித்தி வாசலில் நின்றபடி சொன்னார். "நானே என் கண்ணால பாத்தேன். அஞ்சாவது கேட்டுச்சு, மாவு இல்ல."

யாரும் யாரிடமும் முன்கூட்டிப் பேசிவைக்கவில்லை. தோட்டத்தில் வீடு வேலையோடு ஒட்டியது. ஒரு வீட்டில் தீராத நோய் என்று எழுதப்பட்டால், அடுத்து அந்த வீட்டைப் பற்றித்தான் கேட்பார்கள். அதனால் கோப்பைக் கண்டால் எங்கள் ஆள்களுக்கு எல்லாம் நலம். நானும் அந்த லயத்தில் வளர்ந்தவன்தான். வாயைத் திறக்கவில்லை.

பிறகு அவர் கேட்டது யாரும் எதிர்பாராதது.

"வீட்டில புல்லுமருந்து, பூச்சிமருந்து ஏதும் வச்சிருக்கிறீங்களோ?"

அப்பா என்னைப் பார்த்தார். வீட்டுக்குப் பின்னால் கோசும் கீரையும் போட்டிருந்தோம், பிரிஞ்சாங் சந்தையில் விற்பதற்கு. அதற்காகத் தோட்டத்து ஸ்டோரிலிருந்து ஒரு டின் புல் மருந்து வந்திருந்தது. கோழிக்கூண்டுக்கு மேலே இருந்தது. லயத்தில் பாதி வீடுகளில் அப்படித்தான். ஆனால் முந்தின ஆண்டு ஸ்டோர் மருந்தை வீட்டில் வைத்திருந்த குற்றத்துக்காக ஒருவரை வேலையை விட்டு நிறுத்தி, குடும்பத்தையும் வெளியே அனுப்பினார்கள். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதுபோல் இருந்தது. இவர் தங்கைக்காக வரவில்லை, ஆபீஸ்தான் அனுப்பியிருக்கிறது.

"அதெல்லாம் ஸ்டோர்ல இருக்கும்மா" என்றார் அப்பா. "வூட்டுக்குக் கொண்டாற வுட மாட்டாங்க."

"தம்பி?"

"இல்லை" என்றேன்.

அவர் கோப்பில் ஏதோ எழுதினார். பிறகு தங்கையோடு தனியாகப் பேசவேண்டும் என்றார். இருவரும் தேயிலைச் செடிகளுக்கு நடுவே லாரிப் பாதையில் நடந்தார்கள். நான் களத்து மேட்டில் நின்று கவனித்தேன். தங்கைதான் பேசிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு நாளில் எங்கள் யாரிடமும் பேசாத அளவு பேசினாள். ஒருமுறை நின்று, முகத்தைப் பாவாடையில் துடைத்தாள். அந்த அம்மாள் கோப்பைத் திறக்கவில்லை. யாருடைய பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்பதுதான் அப்போது என் கவலை.

முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார்கள். காரின் பக்கத்தில் எங்களை நிற்கவைத்து, தங்கையின் முன்னாலேயே அவர் பேசினார்.

"ஒளிக்காமச் சொல்லுறன். இவ சாகிற யோசனையோடதான் இஞ்ச வந்தவ. அந்த யோசனை இப்பவும் இருக்கு. நான் கேட்டன், இவவே சொன்னவ. நாளைக்கு ஈப்போவில டொக்டரிட்டக் காட்டவேணும். இண்டைக்கு ஒரு நிமிஷமும் தனிய விடாதீங்கோ. வீட்டில மருந்து இல்லை எண்டு சொன்னீங்கள். அதை நம்பித்தான் இவவை இஞ்ச விட்டிட்டுப் போறன்."

கதவைத் திறந்து உட்கார்ந்தார். சாவியைப் போட்டார்.

இப்போது பேசவேண்டும் என்று தெரிந்தது. எப்படிப் பேசினால் அப்பா தப்பிப்பார் என்றும் மனம் ஓடியது. ஸ்டோரில் கேட்டு வாங்கியது என்று சொல்லலாமா, பழைய டின் என்று சொல்லலாமா? இவர் உண்மையிலேயே மனநல ஆலோசகர்தானா என்ற கேள்வியும் போகவில்லை. ஒரு வாக்கியம் கிடைக்காமல் நின்றேன். அம்மா தரையைப் பார்த்தார்.

"இருக்கு" என்றாள் தங்கை.

கையை நீட்டி வீட்டின் பின்பக்கத்தைக் காட்டினாள்.

"கோழிக்கூண்டு மேல. வந்த அன்னைக்கே பாத்து வச்சிட்டேன். தினம் பாக்குறேன்."

அம்மா அவள் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். சித்தி மட்டும், "யே, என்னா பேசுற நீ, பைத்தி..." என்று ஆரம்பித்து, அந்தச் சொல்லின் பாதியில் வாயை மூடினார்.

அந்த அம்மாள் சாவியை எடுத்துவிட்டு இறங்கினார். நான் அவர் பேனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதவில்லை.

"அப்ப நாளைக்கு இல்லை, இப்பவே போவம். ஐயா, அந்த டின்..."

"நானே கொண்டுபோய் ஸ்டோர்ல வச்சிர்றேன்" என்றார் அப்பா.

"சித்தப்பா மேல பழி வந்துருமேலா!" என்றேன். பதற்றத்தில், ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பாவின் ஞாபகம்தான் முதலில் வந்தது.

"அவன் குடுக்கல. நான்தான் எடுத்தேன். அப்படித்தான் சொல்லப்போறேன்."

தங்கையும் அம்மாவும் பின்னால் ஏறினார்கள். நான் முன்னால் உட்கார்ந்தேன். நம்பிக்கையோடு ஏறினேன் என்று சொல்லமாட்டேன். கார் எங்கே போகிறது என்று பார்க்கவே ஏறினேன். ஆபீஸ் வளைவில் அப்பா எங்களுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தார். சாக்கில் சுற்றாமல், வேட்டியில் மறைக்காமல், டின்னை வெறுங்கையில் தூக்கிப் போனார். வராந்தாவில் கிராணி எழுந்து நின்றிருந்தார்.

"நிறுத்துங்க" என்றாள் தங்கை. "அப்பா மாட்டிக்கிட்டாரு. என்னாலதான். நிறுத்துங்க."

கார் நின்றது. அப்பா திரும்பினார். காலியாக இருந்த கையை ஆட்டி, போ போ என்று விரட்டினார். மாட்டைப் பத்துவது போல. கிராணியை அவர் பார்க்கவே இல்லை. கார் நகர்ந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தது ஈப்போவில் ஒரு மருத்துவமனைக்குத்தான். தங்கையை அங்கே சேர்த்துக்கொண்டார்கள். அப்பாவின் வீட்டைப் பிடுங்கவில்லை. இரண்டு வாரம் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். யாரும் நிம்மதிப்படவில்லை. அதற்குமேல் ஒரு கடிதம் வரும், அந்தக் கோப்பிலிருந்து வரும் என்று நான் மாதக்கணக்கில் எதிர்பார்த்தேன். வரவில்லை.

அந்த இரண்டு வாரமும் அப்பாவுக்கு வேலையில்லாததால், தினமும் விடிகாலையில் மலையிறங்கி, தாப்பாவில் பஸ் மாறி ஈப்போவுக்குப் போனார். வார்டில் இருவரும் அதிகம் பேசமாட்டார்களாம். மத்தியானச் சாப்பாட்டுத் தட்டு வரும். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, தட்டைத் தானே கழுவிவைத்து, அடுத்த பஸ்ஸைப் பிடிப்பார்.