மூன்றாவது துடிப்பு

“சொல்லிடுங்க ஹாஜி. முழுசா சொல்லி முடிங்க. அப்புறமா மூச்சைப் பிடிங்க.”

ஸ்கேன் அறையின் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து மைக்கில் சொல்லிவிட்டு, பொத்தான்மேல் விரலை வைத்தபடி நெஜீபா காத்திருப்பாள். மூச்சைப் பிடி என்றால் துனீசியாவின் இந்த ஸ்ஃபாக்ஸ் நகரத்துக் கிழவர் எவரும் முதலில் ‘பிஸ்மில்லா’ சொல்வார். உதடு அசையும், நெஞ்சு இறங்கும். அது அடங்கிய பிறகே அவள் அழுத்துவாள். எந்தப் புத்தகத்திலும் இது கிடையாது. தரை துடைக்க வந்து, ஸ்கேன் எடுக்கக் கற்று, இருபது வருடமாக அந்த நாற்காலியை ஆள்பவள் அவள். அவள் கையில் படம் எடுத்துக்கொள்ளாத நெஞ்சு இந்த ஊரில் குறைவு என்று மார்தட்டியே சொல்லலாம்.

கோட்டுப் பையில் எப்போதும் வறுத்த பூசணி விதை. கோபம் வந்தால் கடிக்கும் சத்தம் வராந்தா வரை கேட்கும். இந்த வருடம் சத்தம் அதிகம். இதயப் படத்தைப் பார்த்துப் பழுதான வால்வின் வாயை அளந்து, புது வால்வு எந்த அளவு என்று அரை நிமிடத்தில் சொல்லும் செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. அதற்கு அவள் வைத்த பெயர் ‘புது மருமகன்’.

“கெட்டிக்காரன்தான், இல்லேங்கல. ஆனா கெட்டுப்போன படத்தைக் கொடுத்தாலும் அதே மிடுக்கோட கணக்குச் சொல்றானே!”

போன மாதம் மேலிடத்து உத்தரவு: ஊழியர் பேசக்கூடாது, பதிவு செய்த குரலே பேசும், ஐந்தாவது விநாடியில் ஸ்கேன் தானாக ஓடும். புதன்கிழமை ஆலிவ் ஆலைத் தொழிலாளி மப்ரூக் படுத்தார். குரல் மூச்சைப் பிடிக்கச் சொன்னது. அவர் நிதானமாக பிஸ்மில்லா தொடங்கினார். இயந்திரம் காத்திருக்கவில்லை.

புது வால்வின் அளவு இருபத்து மூன்று மில்லிமீட்டர் என்று மருமகனின் அறிக்கை வந்தது. மறுநாள் காலை தொடை ரத்தக்குழாய் வழியாக அந்த வால்வை ஏற்ற வேண்டும். நெஜீபா படத்தைப் பெரிதாக்கினாள். மூச்சில் நெஞ்சு அசைந்ததில் வால்வின் விளிம்பு நடுவில் வெட்டுப்பட்டு நின்றது.

“இது வளையமா, மாடிப்படியா?”

மூன்று துடிப்புகள் பதிவாகியிருந்தன. மருமகன் முதலாவதை எடுத்திருந்தான். மூன்றாவதற்குள் கிழவர் சொல்லி முடித்து மூச்சைப் பிடித்திருந்தார். அதில் விளிம்பு அசையாமல் இருந்தது. கையால் இரண்டு முறை அளந்தாள். இரண்டு முறையும் இருபத்தாறு. சின்னதை வைத்தால் ஓரத்தில் ரத்தம் கசியும். வால்வே நழுவினாலும் நழுவும்.

இதய டாக்டர் லுத்ஃபி கதவருகே நின்றபடியே கேட்டார். “அறிக்கையில கையெழுத்துப் போடலையாமே, அக்கா?”

“போட மாட்டேன்.”

“ஆயிரக்கணக்கான இதயத்தைப் பார்த்துக் கத்துக்கிட்டது அது. நீங்க அதைவிடப் பெரிய ஆளா?”

“ஆயிரம் இதயத்தைப் பார்த்திருக்கலாம் டாக்டர். மப்ரூக் மூச்சு விட்டதைப் பார்த்தது நான். கூசாம இருபத்து மூணுன்னு அடிச்சுக் கொடுத்திருக்கு. நீங்களும் படத்தைத் திறக்காமலே தலையாட்டியிருக்கீங்க! நாளைக்கு அது கசிஞ்சா வீட்டுக்காரம்மாகிட்ட யார் பேசுறது, மருமகனா?”

டாக்டரின் காது சிவந்தது. அவள் எழுந்து நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள்.

“உட்காருங்க. மூணாவது துடிப்பு. நீங்களே அளங்க.”

அவர் உட்கார்ந்தார். விளிம்பைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே வந்தார். திரையில் இருபத்தாறு என்று எழுந்தது. மேசைமேல் இருந்த மருமகனின் அறிக்கையை எடுத்து இரண்டாகக் கிழித்தார்.

நெஜீபா குப்பைக் கூடையைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள்.