மூன்று அரிசி மூட்டையும் ஒரு பிரேக் சோதனையும்

2007 அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை, காலை ஐந்தரை மணிக்கு சிட்னியின் நார்த்மீட் பகுதியிலிருந்து கிளம்பினோம். நான் சிட்னிக்கு வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. பாலம் பார்த்தாயிற்று, கடற்கரை பார்த்தாயிற்று. ஆனால் ஆஸ்திரேலியாவில் என்ன பார்த்தாய் என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இந்த ஒரு நாளைத்தான்.

எனக்கு ஈரோட்டில் தையல் கடை. அக்கா வசந்தி கல்யாணமாகி சிட்னிக்குப் போய்ப் பல வருஷமாகிறது. அவள் கணவர் சுந்தரம் மாமாவுக்குக் கம்ப்யூட்டர் வேலை. கார் வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கார் செய்கிறவரை அங்கேதான் பார்த்தேன். வீட்டு ஷெட்டில் இரும்புக் குழாய்களை வெட்டி, பற்றவைத்து, பழைய கார் ஒன்றின் இன்ஜினைப் பொருத்தி, ஏழு வருஷமாக மாமா கட்டிய ஸ்போர்ட்ஸ் கார் அது. கதவு கிடையாது, கூரை கிடையாது. உட்கார்ந்து கையைத் தொங்கவிட்டால் தரை தட்டும். "இதுல உக்காந்தா எறும்பு நம்மளைப் பாத்து வணக்கம் சொல்லும்" என்றேன். மாமா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

அந்த நாட்டில் கார் செய்ய யாரும் தடை சொல்வதில்லை. ஆனால் அங்கீகாரம் பெற்ற இன்ஜினியர் ஒருவர் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் நம்பர் பிளேட். மாமா இரண்டு முறை தோற்றிருந்தார். ஒரு முறை சீட் பெல்ட் போல்ட்டு சரியில்லை, இன்னொரு முறை சத்தம் அதிகம். மூன்றாவது முறைக்கு அக்கா என் முன்னாலேயே கெடு வைத்துவிட்டாள். "இந்தத் தடவையும் கையெழுத்து கிடைக்கலைன்னா பிரிச்சுப் போட்டுருங்க. எனக்கு என் ஷெட்டு வேணும், ஞாயித்துக்கிழமைக்கு என் புருஷனும் வேணும்." மாமா சரி என்று தலையாட்டியதை நான் பார்த்தேன். ஏழு வருஷம் அந்த ஒரு தலையாட்டலில் தொங்கிக்கொண்டிருந்தது.

நம்பர் இல்லாத வண்டி சாலையில் ஓடக் கூடாது. அதனால் டிரெய்லரில் ஏற்றித் தார்ப்பாய் போட்டோம். டிரெய்லரை இழுத்த வண்டி பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துக்காரர் தேவன் அண்ணனுடையது; ஓட்டியதும் அவரே. ஏற்றும்போது டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் பானட்டில், ஸ்டியரிங்கில், சக்கரத்து விளிம்பில் எல்லாம் சந்தனமும் குங்குமமும். அக்கா விடியும் முன்பே எழுந்து வைத்திருக்கிறாள். இத்தனை வருஷம் அந்த வண்டியைத் தொடாதவள். மாமா வாசலை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான்.

போக வேண்டிய இடம் கோல்பர்ன் தாண்டி, ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். வழியில் மருலன் என்ற ஊரில் நிறுத்தினோம். காப்பி மூன்று டாலர் ஐம்பது காசு; தையல் கூலியாக மாற்றிக் கணக்குப் போட்டதில் காப்பி கசந்துவிட்டது. "பயமா இருக்கா அண்ணா?" என்று தேவன் அண்ணனைக் கேட்டேன்.

"எனக்கென்ன பயம் தங்கச்சி? கார் நல்ல கார். இவற்ற மண்டையிலதான் ஒரு நட்டு லூஸ். அதை இறுக்கிறதுக்கு இஞ்ச ஸ்பானர் இல்லை."

கோல்பர்னில் நெடுஞ்சாலை ஓரமாகச் சிமெண்டில் ஒரு செம்மறியாடு நிற்கிறது, நான்கைந்து மாடி உயரத்துக்கு. அன்றைக்கு அதிர்ச்சி என்றால் அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

ஒன்பது மணிக்கு, கைவிடப்பட்ட ஒரு விமான ஓடுதளத்தில் இன்ஜினியர் கென் காத்திருந்தார். அறுபது வயது, வெயிலில் வெந்த கழுத்து, சிரிக்காத முகம். மழை வரும்போல் இருந்ததால் பிரேக் சோதனையை முதலில் வைத்துக்கொள்ளலாம் என்றார். பக்கத்து சீட்டில் ஓர் ஆள் எடை இருக்க வேண்டும். அதற்கு மாமா கொண்டுவந்தது பொன்னி அரிசி, இருபத்தைந்து கிலோ மூட்டை மூன்று. சீட் பெல்ட் போட்டு உட்கார வைத்தார். கென் மூட்டைகளைப் பார்த்தார். "இந்தப் பயணிக்கு ஹெல்மெட் வேண்டாமா?" என்றார். முகம் அப்போதும் சிரிக்கவில்லை.

மாமா நடை வேகத்தில் ஓட்டி இரண்டு முறை நிறுத்தினார், நின்றது. பிறகு எண்பது கிலோமீட்டர் வேகம். கென் கையை இறக்கினார், மாமா பிரேக்கை மிதித்தார்.

கார் நேராக நிற்கவில்லை. யாரோ வலது காதைப் பிடித்து இழுத்ததுபோல வலப்பக்கம் திரும்பியது, பிறகு சுற்றியது. ஒன்று, இரண்டு. புகை. அரிசி வெள்ளையாக வானத்தில் எழுந்து விழுந்தது. நான் கத்தினேனா என்று எனக்குத் தெரியாது. தேவன் அண்ணன் அதற்குள் ஓடிக்கொண்டிருந்தார். புல்லுக்குள் பின்பக்கமாகப் போய் நின்ற காரில் மாமா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே இருந்தார். அடி ஒன்றுமில்லை. மடி நிறைய அரிசி.

கென் இடப்பக்க முன் சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே பளபளப்பான இரும்புத் தட்டு. பிரேக் அதைத்தான் கவ்விப் பிடிக்கும். தட்டில் மஞ்சளும் சிவப்பும் குழைந்து ஈஷியிருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தார். "இது என்ன, சமையலா?" என்றார்.

நானும் முகர்ந்தேன். நல்லெண்ணெய். பின் சக்கரத்திலும் அதே. வலப்பக்கத்துத் தட்டுகள் இரண்டும் சுத்தம்.

மாமா எங்களைப் பார்க்கவில்லை. மெதுவாக, கோயில், பூஜை, மனைவி என்று கென்னிடம் விளக்கினார். கென் சொன்னது இது: தட்டைக் கவ்வும் கட்டைதான் பிரேக் பேடு; எண்ணெய் குடித்த பேடு உதவாது, மாற்ற வேண்டும். மூன்று மணிக்குள் மாற்றினால் மறுபடி பார்க்கிறேன். இல்லையென்றால் தோல்வி என்றுதான் எழுத முடியும்.

மாமாவின் பெட்டியில் வேறு பேடுகள் இருந்தன, ஞாயிற்றுக்கிழமை பந்தயத் தளத்தில் ஓட்டுவதற்கென்று வாங்கியவை. கென் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இது சூடேறினால்தான் பிடிக்கும். காலையில் முதல் சிக்னலில் நீ நிற்க வேண்டாமா?"

மாமா அக்காவுக்குப் போன் போட்டார். "வசந்தி, ஷெட்ல இடது அலமாரி, சிவப்பு டப்பா. ரோட்டு பேடு இருக்கு. எடுத்துட்டு வர முடியுமா?" காரணம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஒரு மணி சுமாருக்கு அக்கா தன் காரில் வந்து சேர்ந்தாள். டப்பாவை நீட்டியவள் கண்ணில் அந்தத் துணி பட்டது, மஞ்சளும் சிவப்பும் துடைத்த துணி. பிறகு புல்லில் இழுபட்ட டயர் தடத்தைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"நான்தாங்க வச்சேன். சக்கரத்து ஓட்டை வழியா பாத்தா உள்ளாற பளபளன்னு அதுதான் லட்சணமா இருந்துச்சு. குங்குமம் ஒட்டல. எண்ணெய் தொட்டு வச்சேன்."

"அந்தப் பக்கம் ஏன் வைக்கல?" என்றார் மாமா.

"அந்தப் பக்கம் செவுரு. நீங்க நிறுத்தியிருந்த லட்சணத்துக்கு ஆள் எங்க நுழையறது?"

தேவன் அண்ணன் சிரிப்பை அடக்க முடியாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். மாமா இதைக் கென்னிடம் சொன்னபோது அவர் தலையை ஆட்டினார். "நான்கு சக்கரத்திலும் வைத்திருந்தால் கார் திரும்பியே இருக்காது. நேராக அந்த வேலிக்குள் போயிருக்கும்." எங்கள் சிரிப்பு நின்றுவிட்டது. அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தட்டுகளைக் கழுவி, பேடு மாற்றி, மெதுவாக ஓட்டி ஓட்டி அவற்றைப் பழக்கினார்கள். இரண்டே கால் மணிக்குப் புதுச் சிக்கல்: ஒரு மூட்டை காலையிலேயே கிழிந்து அரிசி புல்லில். எடை போதாது. நான் என் கால்களைப் பார்த்துக்கொண்டேன். அவை என்னிடம் வேண்டாம் என்றன.

அக்கா எழுந்து புடவையைத் தட்டினாள். "நான் உக்கார்றேன்."

"வேண்டாம் வசந்தி. காலையில நடந்தது தெரியாம பேசற."

"தெரிஞ்சுதான் பேசறேன். எண்ணெய் வச்சது நான். ஹெல்மெட்டைக் குடுங்க."

கென் சிறிது யோசித்தார். மெதுவாக ஆரம்பித்து, நேராக நின்றால் மட்டுமே வேகம் கூட்டுவது என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். நாற்பதில் நின்றது. அறுபதில் நின்றது. எண்பதுக்குப் போகும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது கார் கோடு போட்டதுபோல ஓடுதளத்தின் நடுவில் நின்றிருந்தது. அக்காவின் கை மாமாவின் சட்டைக் கையைப் பிடித்திருந்தது. தையல்காரி நான் சொல்கிறேன், அந்தச் சட்டை தோள்பட்டையில் கிழிந்திருந்தது.

மற்ற சோதனைகள் முடிந்து கென் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு மார்க்கர் பேனாவை எடுத்து ஸ்டியரிங் பக்கத்துத் தகட்டில் ரூபாய் நாணயம் அளவில் ஒரு வட்டம் வரைந்தார். அக்காவைப் பார்த்து, "உங்கள் இடம் இது. இங்கே மட்டும்" என்றார். அன்றைக்கு அவர் சிரித்தது அப்போதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காரை டிரெய்லரில் கொண்டுபோய், பந்தய பேடுகளைப் பூட்டிக்கொண்டு மாமா பந்தயத் தளத்தில் ஓட்டினார். நான் ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் நம்பர் பிளேட் வந்தது. அக்கா குளித்துவிட்டு வந்து, வட்டத்துக்குள் அளவாகக் குங்குமம் வைத்து, விரலைப் புடவையில் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் வண்டியில் ஏறினாள்.

ஈரோட்டில் என் கடை வாசலில் மறுவாரம் ஒரு புது ஆட்டோவுக்குப் பூஜை. இங்கே எந்த இடத்தில் பொட்டு வைத்தாலும் கேட்பாரில்லை. எலுமிச்சம்பழம் நசுங்கியது, எல்லோரும் கை தட்டினார்கள். நான் மட்டும் குனிந்து சக்கரத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.