கொக்கு அக்காவும் கம்பெனிக் கேமராவும்

என் அக்காவுக்குக் கொக்கு என்று பெயர் வைத்தது நான்தான். விடுமுறை நாளில் விடிந்ததும் ஏரிக்கரைச் சேற்றில் இறங்கினால் மூன்று மணி நேரம் அசையமாட்டாள். ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்து உலர்த்துவதைப் படம் எடுக்க இத்தனை பாடு! மற்ற நாளெல்லாம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பாள். "மூச்சைப் பிடிங்க, ஆடாதீங்க" என்று வருகிறவர்களை எல்லாம் அதட்டுவாள். கல்யாணம் வேண்டாம் என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னவளுக்கு அந்த ஏரிதான் எல்லாம்.

நான் கேமரா பழுது பார்ப்பவன். கடைத்தெரு மாடியில் ஓர் அறை, ஒரு மேசை விளக்கு, வாடிக்கையாளர் மேல் எந்நேரமும் எரிச்சல். இரண்டு வருடத்துக்கு முன் அக்கா தன் பழைய கேமராவைக் கொண்டுவந்தாள்.

"படமெல்லாம் கலங்குதுடா. லென்ஸ் போயிடுச்சுபோல."

பிரித்தேன், துடைத்தேன், ஃபோகஸ் சரிபார்த்துக் கொடுத்தேன். மறுவாரமே திரும்பி வந்தாள். மறுபடி பிரித்தேன். மூன்றாம் முறை வந்தபோது, "உனக்கெல்லாம் எவன்டா தொழில் கத்துக்கொடுத்தான்?" என்று கத்தினாள். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. கேமராவை ஸ்டாண்டில் மாட்டி எதிர்ச் சுவர்க் காலண்டரைப் படம் எடுத்தேன். பொடி எழுத்துகூடப் பளிச்சென்று விழுந்தது. "இதோ பார்!" என்று திரும்பினேன். அவள் கையிலிருந்த டீ கிளாஸ் தளும்பி, டீ விரல்மேல் வழிந்துகொண்டிருந்தது.

நான் ஒரு மடையன். அவள் கை நடுங்கியதற்குக் கேமராவுக்கு மூன்று முறை அறுவைசிகிச்சை செய்திருக்கிறேன்.

"டாக்டர்கிட்ட காட்டியாச்சு. சில நாள் இருக்கும், சில நாள் இருக்காதாம். முழுசாப் போகாதாம்" என்றாள். "வெளிய மூச்சு விட்டே, கொன்னுடுவேன்."

ஸ்டாண்ட் வைத்துப் பார்த்தோம். சேற்றில் புதைந்தது. அக்கா ஏரிக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். அப்படியே இரண்டு வருடம் ஓடியது.

அந்த நேரம் பார்த்து, அவள் எப்போதோ எடுத்த நீர்க்காகப் படத்துக்குப் பெரிய பரிசு கிடைத்தது. பின்னாலேயே ஒரு கேமரா கம்பெனியின் மேனேஜர் வந்தார், மடிப்புக் கலையாத சட்டையும் தேன் ஒழுகும் பேச்சுமாக. எங்கள் விளம்பர முகமாக இருங்கள், கேமரா உங்களிடமே இருக்கட்டும் என்றார். கை ஆட்டத்தைத் தானே வாங்கிக்கொள்ளும் புது மாதிரி அது. மறுநாளே ஏரிக்கு ஓடினாள். திரும்பி வந்து திரையை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"டேய், ஒவ்வொரு இறகும் தெரியுதுடா!"

அழுதேவிட்டாள். நானும்தான். எனக்கென்ன வெட்கம்?

அறிமுக விழாவுக்குப் போனால், மேடை முழுக்க அந்தப் பரிசுப் படம். கீழே அவர்களுடைய புதுக் கேமரா. படம் வேறு கம்பெனிக் கேமராவில் எடுத்ததாயிற்றே! அக்கா சுட்டிக்காட்டியும் மேனேஜர் அசரவில்லை. "பெரிய பெரிய போட்டோகிராபர்களே இப்படித்தான் மேடம். நீங்க எதுவும் சொல்ல வேண்டாம், சிரிச்சா போதும்."

அக்கா மேடை ஏறினாள், சிரிக்கவில்லை. "இந்தப் படம் என் பழைய கேமராவில எடுத்தது. அப்ப என் கை நல்லா இருந்துச்சு" என்றாள். இரண்டு கைகளையும் எல்லோருக்கும் தெரிய நீட்டினாள். "இந்தக் கையால எடுக்கணும்னா எனக்கு இந்தப் புதுக் கேமரா வேணும். அது மட்டும்தான் உண்மை."

இரண்டு வருடம் மூடி வைத்ததை இரண்டு வாக்கியத்தில் போட்டு உடைத்துவிட்டாள். போச்சு, கேமராவைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று நினைத்தேன். நடந்தது தலைகீழ். கம்பெனிக்காரர்களுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இதைவிட நல்ல விளம்பரம் எங்கே கிடைக்கும்? அடுத்த வாரமே ஏரிக்கரையில் படப்பிடிப்பு வைத்தார்கள்.

அன்றைக்கென்று பார்த்து அவள் கை துளியும் ஆடாமல் மரக்கட்டையாக நின்றது. வீடியோ எடுப்பவர் நாலு முறை எடுத்துப் பார்த்துவிட்டு மேனேஜர் காதில் ஏதோ சொன்னார். மேனேஜர் குழைந்துகொண்டு வந்தார்.

"மேடம், திரையில தெரியல. இன்னும் கொஞ்சம் நடுங்குங்களேன்?"

அக்கா அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"இருக்கிறதைக் காட்டினேன். இல்லாததைக் காட்டமாட்டேன். இந்தாங்க உங்க கேமரா."

"மேடம், அது உங்களுக்கு வேணுமே..."

"வேணும்தான்" என்றாள்.

கழுத்து வாரின் கொக்கியை அவிழ்க்கப் போனாள். அப்போது பார்த்து நடுக்கம் வந்தது. கொக்கி வழுக்கியது, மறுபடி வழுக்கியது. வீடியோக்காரரின் விரல் பொத்தானுக்குப் போனது. நான் உதவ ஓடினேன்.

"தள்ளுடா. நானே கழட்டுறேன்."

எத்தனை நேரம் ஆனதோ தெரியாது. வீடியோக்காரர் தன் கேமராவைக் கீழே இறக்கிவிட்டு, தலையைத் திருப்பிக்கொண்டார்.