ஹமீதா படித்துக் காட்டிய பக்கம்

ஹமீதா இறந்த செய்தியை அவருடைய தம்பி மகன் தொலைபேசியில் சொன்னார். "கடைசி வரைக்கும் இண்டர்நெட்ட வெறும் எழுத்தாத்தான் படிப்பாங்க அத்தை. படமே வராது," என்றார். ஆலையில் அவருடன் இருந்த உங்களுக்கு இது வியப்பாக இருக்காது.

எண்பதுகளின் நடுவில் எங்கள் செம்பனை ஆலைக்குக் கணினி டெர்மினல் வந்தது. தொலைபேசி ரிசீவரை அதன் ரப்பர் குழிகளில் வைத்து எண் கொடுத்தால், தலைமையகத்துப் பக்கம் ஒன்று பச்சை எழுத்தில் வரிவரியாக இறங்கும். ஹமீதா அதன் ஆப்பரேட்டர், நான் கணக்கு எழுதும் கிராணி. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து மேசைக்கு வந்தவன் என்ற கர்வம் எனக்கு. அவர் அதை மதித்ததே இல்லை. நமக்கில்லாத பக்கங்களையும் திறப்பார். ஏன் என்று கேட்டால், "பூட்டு இல்லையே லா," என்பார்.

ஒரு திங்கட்கிழமை அப்படித் திறந்த பக்கத்தில், பழைய லயத்தை மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும் என்று இருந்தது. என் அம்மாவும் தம்பியும் நானும் அங்கேதான் குடியிருந்தோம். மேனேஜர் எங்கள் இருவரையும் அழைத்து, வாய் திறக்கக் கூடாது என்றார். நான் தலையாட்டினேன். ஹமீதா ஆட்டவில்லை.

புதன்கிழமை காலை பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆட்கள் கூடியபோது, அந்தப் பக்கத்தைக் கையால் எழுதிவைத்திருந்த தாளை ஹமீதா எடுத்துப் படித்தார்.

"இது எப்ப வந்துச்சு?" என்று யாரோ கேட்டார்கள்.

"திங்கக்கிழம. கிராணிக்கும் தெரியும்."

கூட்டத்தில் நின்ற அம்மா என்னைப் பார்த்தார். "ரெண்டு நாளா வீட்டுக்கு வந்து சோறு தின்னியேடா."

ஹமீதாவுக்கு அன்றே வேலை போனது. வாசலில் மறித்து, "என் பேர ஏன் இழுத்தீங்க?" என்றேன்.

"கேட்டாங்க, சொன்னேன். வேற என்னா செய்யணும்?"

தொழிற்சங்கம் தலையிட்டது. பள்ளித் தேர்வு முடியும்வரை லயம் நின்றது; தம்பி அந்த வீட்டிலிருந்து போய்த்தான் பரீட்சை எழுதினான். என்னைக் 'கம்பெனி ஆளு' என்று அழைத்ததை மட்டும் நீங்கள் யாரும் பல வருடங்கள் நிறுத்தவில்லை.

பின்பு ஒரே முறை, தஞ்சோங் காராங் பஸ்ஸில் அவரைப் பார்த்தேன். நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தார். நான் கடைசிவரை நின்றுகொண்டே போனேன்.

இறந்தவர் என்பதற்காக இளகிய மனம் கொண்டவர் என்று எழுத என்னால் முடியாது. என்னை அம்மாவிடம் தனியே சொல்லவிட்டிருக்கலாம். இன்னும் ஒரு நாளைக்கூட அவர் எனக்குத் தரவில்லை. ஆனால் இன்று என் கைக்கு எந்தக் கடிதம் வந்தாலும், அது யாரைப் பற்றியதோ அவரிடம் அன்றே படித்துக் காட்டிவிடுகிறேன். ஹமீதாவிடமிருந்து எனக்கு வந்தது அது ஒன்றுதான். அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.