இரண்டு குழாய்களும் அரை லிட்டரும்

அக்கா பிளாஸ்கை நிரப்பியது எந்தக் குழாயில், இடது பக்கமா, வலது பக்கமா? காலை ஆறு மணிக்குச் சமையலறையில் டம்ளரும் கையுமாக நின்ற ஏசி மெக்கானிக்குக்கு அது உடனே தெரிந்தாக வேண்டும்.

அவனுக்கு வீட்டில் பெயர் கூலிங். வருஷம் பூராவும் அடுத்தவர் மொட்டை மாடியில் வெயிலில் காய்ந்து அவர்கள் அறையைக் குளிரவைப்பவன். வீடு திரும்பினால் தனக்கும் ஜில்லென்று ஏதாவது வேண்டும் என்று தோன்றியதில்தான் இந்த ஏற்பாடு பிறந்தது. யாரோ தூக்கிப்போட இருந்த பழைய பிரிட்ஜை வாங்கிவந்து கதவில் இரண்டு துளை போட்டான். உள்ளே இரண்டு எஃகு பீப்பாய்கள், வெளியே இரண்டு குழாய்கள். காபித்தூளைக் கொரகொரப்பாக அரைத்து, பச்சைத் தண்ணீரில் பதினெட்டு மணி நேரம் ஊறவைத்து, துணியில் வடிகட்டிப் பீப்பாயில் ஊற்றுவான். பிறகு நைட்ரஜனை ஏற்றுவான். ஏசி பைப்பில் கசிவு பார்க்க அவன் தினமும் பிடிக்கிற அதே வாயுதான். ஆனால் வேலை சிலிண்டரைத் தொடமாட்டான். உணவுக்கென்றே விற்கிற சிலிண்டரைத் தேடி வாங்கி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பார்த்துத்தான் மாட்டினான்.

குழாயைத் திறந்தால் காபி புகைபோலச் சுருண்டு இறங்கும். மேலே பால் ஊற்றாமலே பாலாடை மாதிரி நுரை நிற்கும். அது இடது குழாய். வலது குழாயில் ஞாயிற்றுக்கிழமை சமாச்சாரம்: அதே காபியில் வோட்காவும் சர்க்கரைப் பாகும் கலந்த காக்டெய்ல். இரண்டும் ஒரே கறுப்பு, ஒரே நுரை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள்தான்.

முந்தின நாள் சாயங்காலம், பீப்பாயிலிருந்து குழாய்க்குப் போகிற குழல்களைக் கழற்றிக் கழுவினான். திரும்ப மாட்டும்போது மாற்றி மாட்டிவிட்டான். காலையில் இடது குழாயில் அரை டம்ளர் பிடித்து ஒரு வாய் குடித்ததும் தொண்டை எரிந்தது. திரும்பி அக்காவின் பிளாஸ்கைத் தேடினான். இல்லை.

அக்கா பஸ் ஓட்டுநர். பதினாறு வருஷமாக ஓட்டுகிறாள். தினமும் டிப்போவில் கருவியில் ஊதிக் காட்டினால்தான் சாவி. கொஞ்சம் வாடை அடித்தாலும் வேலை போய்விடும். ஐந்தரை மணிக்கே அரை லிட்டர் பிளாஸ்கை நிரப்பிக்கொண்டு கிளம்பிவிட்டாள். குடித்தால் தெரியாதா என்று கேட்கலாம். மூன்று நாளாக அவளுக்கு ஜலதோஷம். வெங்காயத்தைக் கொடுத்தாலும் ஆப்பிள் என்று தின்பாள்.

போன் போட்டான். எடுக்கவில்லை. டிப்போ ஆபீசுக்குப் போட்டான்.

"போனை லாக்கர்ல வெச்சிட்டாங்க தம்பி," என்றார் கிளார்க். "என்ன விஷயம்?"

என்ன சொல்வது? 'அக்கா சரக்கு குடிச்சிருக்கலாம்' என்றா? அது பொய்யாகப் போனாலும் அந்தப் பேச்சு டிப்போவை விட்டுப் போகாது.

"ஒண்ணுமில்ல சார். குடையை மறந்துட்டாங்க."

"பஸ்ஸுக்குள்ள மழை பெய்யாது தம்பி," என்று வைத்துவிட்டார்.

ஊதுவதற்கு முன் குடித்தால் அவள் வேலை. ஊதிவிட்டு, முதல் டிரிப்பில் குடித்தால் பஸ் நிறைய உயிர். அப்போதுதான் தராசு ஞாபகம் வந்தது.

ஏசிக்கு வாயு ஏற்றுகிறவர்கள் சிலிண்டரை எடை போட்டுத்தான் கணக்குப் பார்ப்பார்கள். கண்ணுக்குத் தெரியாததைத் தராசு சொல்லும். அந்தப் பழக்கத்தில் அவன் தினமும் சாயங்காலம் பீப்பாய்களை எடை போட்டு, மேலே டேப் ஒட்டி எழுதிவைப்பான். முந்தின நாளும் குழல்களை மாட்டியதும் எழுதியிருந்தான். காக்டெய்ல் பீப்பாயைத் தூக்கி வைத்தான். அறுநூற்று இருபத்தைந்து கிராம் குறைந்திருந்தது. தான் பிடித்த நூற்று இருபத்தைந்தைக் கழித்தான். மீதி அரைக் கிலோ. ஒரு பிளாஸ்க்!

உட்கார்ந்துவிட்டான். பிறகு எழுந்து காபிப் பீப்பாயையும் வைத்தான். அதிலும் சரியாக அரைக் கிலோ குறைவு.

இரண்டிலும் அரைக் கிலோ. ஒன்று அக்கா. இன்னொன்று யார்?

வீட்டில் மூன்றாவது ஆள் ஒருவர்தான். தையல்காரரான அத்தான் உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். உலுக்கி எழுப்பினான்.

"அத்தான், நேத்து நீங்க குழாயைத் திறந்தீங்களா?"

"நானா? குடிக்கிறதை விட்டு ரெண்டு வருஷமாச்சு மாப்ள. உங்க அக்கா தலைல அடிச்சு சத்தியம் பண்ணியிருக்கேன்."

"அந்தத் தலைக்குத்தான் இப்ப ஆபத்து. நீங்க குடிச்சிருந்தா அக்கா தப்பிச்சா. குடிக்கலைன்னா பிளாஸ்க்ல போயிருக்கிறது சரக்கு. நான் டிப்போவுக்குப் போய் உள்ளதைச் சொல்லப்போறேன்."

அவன் ஒரு காலில் ஷூவை மாட்டிவிட்டான். அத்தான் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

"இரு, இரு. நேத்து நீ குழலை மாட்டிட்டுக் கடைக்குப் போனப்ப காபின்னு நெனச்சுத்தான் இடது குழாயைத் திறந்தேன்."

"எத்தனை?"

"ரெண்டு டம்ளர். கால் லிட்டர் டம்ளர்."

"முதல் டம்ளர்லயே தெரிஞ்சிருக்குமே?"

"தெரிஞ்சுது. ரெண்டாவதைத் தெரிஞ்சேதான் குடிச்சேன்."

ஒரு மனிதன் சத்தியத்தை மீறியதற்கு இன்னொருவன் இப்படிச் சந்தோஷப்பட்டிருக்க மாட்டான். கூலிங் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். ஷூ போட்ட கால் அவர் காலை மிதித்தது. அவர் அலறியதுகூட அவன் காதில் விழவில்லை.

ஏழேகாலுக்கு, முதல் டிரிப் முடிந்ததும், அக்காவே கூப்பிட்டாள். "என்னடா குடை, கிடைன்னு போன் போட்டியாமே?"

அத்தான் பகுதியை மட்டும் விட்டுவிட்டு நடந்ததைச் சொன்னான். அக்கா மூக்கை உறிஞ்சிவிட்டுச் சிரித்தாள்.

"டேய், பஸ்ஸை எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு சுத்து சுத்தி டயரைப் பார்ப்பேன். உன் பிரிட்ஜை மட்டும் பார்க்காம விட்டுடுவேனா? தினமும் கதவைத் திறந்து, எந்தப் பீப்பாய்லேர்ந்து எந்தக் குழல் போகுதுன்னு பார்த்துட்டுத்தான் பிடிப்பேன். இன்னிக்கு மாறியிருந்தது. வலதுல பிடிச்சேன்."

"சொல்லக்கூடாதா அக்கா?"

"தூங்கறவனை எழுப்பிச் சொல்லணுமா? அது சரி, இன்னொரு அரைக் கிலோ எங்கடா போச்சு?"

கூலிங் அத்தானைப் பார்த்தான். அத்தான் கூரையைப் பார்த்தார்.

"அத்தானே சொல்வார்," என்று போனை அவர் கையில் வைத்துவிட்டு, மற்ற ஷூவையும் மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான். படியிறங்கும்போது அவனுக்கு வெயில்கூட இதமாக இருந்தது.

அன்று சாயங்காலமே இரண்டு குழல்களின் இணைப்பையும் வேறு வேறு அளவில் மாற்றினான். இப்போது ஒன்றின் வாய் மற்றதில் ஏறாது. காக்டெய்ல் குழாய்க்குப் பூட்டும் உண்டு. சாவி அக்காவிடம்.

உங்களுக்குத் தெரிந்த யாராவது வீட்டில் இப்படி இரண்டு குழாய் மாட்டியிருந்தாலோ, மாட்டப்போவதாகச் சொன்னாலோ, இதை அவர்களிடம் சொல்லுங்கள். அத்தான் பகுதியை விட்டுவிடாமல் சொல்லுங்கள்.