பெட்டிச் சத்தம் கேட்டால் வரலாம்

கிராணி கேப்ரியல் தன் வாழ்நாளில் ஒரே ஒரு பொருளைத்தான் திருடினார். அதற்கும் அவர் வைத்த பெயர் பத்திரப்படுத்துதல். 1942 ஜனவரியில் ஜப்பான்காரன் ஜொகூருக்குள் இறங்கி வர, லாயாங் லாயாங்குக்கு நாலு மைல் தள்ளியிருந்த அந்த ரப்பர்த் தோட்டத்தின் துரை காரில் ஏறிச் சிங்கப்பூருக்கு ஓடிவிட்டார். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று தோட்டமே பங்களாவுக்குள் புகுந்தது. ஒருவன் மெத்தையைத் தூக்கினான், ஒருத்தி பீங்கான் தட்டுகளை முந்தானையில் கட்டினாள். கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா, கௌரவமான மனிதர் அல்லவா, எல்லோரும் போன பிறகு போனார். அலமாரிக்கு மேலே துரையின் அக்கார்டியன் என்ற வாத்தியப் பெட்டி மட்டும் மிஞ்சிக் கிடந்தது. உலையில் போட முடியாத பெட்டியை வேறு எவன் தூக்குவான்?

கேப்ரியலுக்கு ஆர்மோனியம் கொஞ்சம் வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துச் சின்னக் கோயிலில் மாதா பாட்டுக்கு வாசிப்பவர் அவர்தான். அதனால் வலது கைப் பக்கத்துக் கட்டைகள் அவரைப் பயமுறுத்தவில்லை. இடது கைதான் ஆளை அழ வைத்தது. அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரியாமல் வரிசை வரிசையாகக் கறுப்புப் பொத்தான்கள். அவற்றில் ஒன்றில் மட்டும் லேசான குழி இருப்பதை அவர் விரல் மூன்றாவது வாரம் கண்டுபிடித்தது. அந்தக் குழியை வீடாக வைத்துக்கொண்டு, மேலே ஒன்று கீழே ஒன்று என்று மற்றவற்றுக்கு வழி பழகினார். துருத்தி இன்னொரு தொல்லை. இழுக்கும்போது பாடும், திருப்பித் தள்ளும் இடத்தில் விக்கும். மடிப்பு ஒன்று கிழிந்தபோது துணித் துண்டில் ரப்பர்ப் பாலைத் தடவி ஒட்டினார். ரப்பரை வாங்க ஆளில்லாத காலம், பாலுக்குப் பஞ்சமில்லை.

பஞ்சமெல்லாம் சோற்றுக்குத்தான். "ஊரே மரவள்ளிக் கெழங்கத் தின்னுட்டு வயித்தப் புடிச்சுக்கிட்டு கெடக்கு. ஒங்களுக்கு இந்த நேரத்துல பெட்டி ஒரு கேடா?" என்று மனைவி கத்தரின் கேட்டாள். கேப்ரியலுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் மத்தியானம் ஆனால் கால் தானாகக் கொட்டகைக்குப் போனது. ரப்பர்த் தகடுகளுக்குப் புகை போடும் அந்தக் கொட்டகை இப்போது சும்மா கிடந்தது. துரையின் சாமானை வைத்திருப்பவன் தலை போகும் என்று பேச்சு இருந்ததால், பெட்டியை அங்கே சாக்குகளுக்கு அடியில் ஒளித்திருந்தார். ஜப்பான்காரன் தோட்டத்துப் பக்கம் வந்தால் அன்றைக்கு வாசிப்பு கிடையாது. அவன் போய்விட்டான் என்று தெரிந்தால்தான் சாக்கை விலக்குவார்.

1943இல் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். லாரியில் ஏற்றிப் போன ஆள் ஒருவனும் திரும்பி வரவில்லை. சாலையில் தொப்பி தெரிந்தால் போதும், தோட்டத்து ஆண்கள் பின்னால் இருந்த சதுப்புக் காட்டுக்குள் பாய்ந்துவிடுவார்கள். முழங்கால் சேற்றில், அட்டைக் கடியில், மணிக்கணக்கில் நிற்பார்கள். எப்போது வெளியே வருவது என்பதுதான் சங்கடம். அதற்கு யாரும் கூட்டம் போட்டு முடிவு எடுக்கவில்லை. தானாகவே ஒரு வழி பிறந்தது. அதைக் கேப்ரியலிடம் சொன்னவன் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் வீரமுத்து.

"கிராணியாரே, ஒங்க பெட்டிச் சத்தம் கேட்டா ஜப்பான்காரன் போயிட்டான்னு அர்த்தம் லா. அதக் கேட்டுட்டுத்தான் நாங்க கரையேறி வர்றோம். நல்லாயில்லாட்டியும் பரவால்ல, சத்தமா வாசிங்க."

நல்லாயில்லாட்டியும் என்றது கொஞ்சம் சுருக்கென்றாலும், அன்றைக்குக் கேப்ரியலுக்குத் தலைகால் புரியவில்லை. வீண் வேலை என்று வீட்டிலேயே பெயர் வாங்கிய பொழுதுபோக்கு, இத்தனை பேர் உயிருக்குக் காவல். கத்தரினிடம் இரண்டு தடவை சொல்லிக் காட்டினார்.

ஆகஸ்டில் ஒருநாள் காலை ஜப்பானிய அதிகாரி ஒருவன் ஆறு சிப்பாய்களோடு வந்தான். ஆண்கள் வழக்கம்போல் சதுப்புக்குள் போய்விட்டார்கள். பெண்கள் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒளிந்திருக்கும் ஆளைத் தேடிக் கொட்டகைக்குள் நுழைந்த சிப்பாய்கள் ஆளுக்குப் பதிலாக அக்கார்டியனைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்கு வந்தார்கள். கிராணி என்பதால் கேப்ரியல் மட்டும் ஒளியாமல் அங்கே மேஜையில் இருந்தார். யாருடையது என்று அதிகாரி மலாயில் கேட்டான். "என்னுடையது" என்றார்.

அதிகாரி அடிக்கவில்லை. கட்டைகளின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தான். ரப்பர்ப் பால் போட்டு ஒட்டிய இடத்தைத் தடவிச் சிரித்தான். ஒரு சிகரெட்டை எடுத்துக் கேப்ரியலிடம் நீட்டினான். பிறகு பெட்டியை அவர் கையில் கொடுத்து, "மாயின்" என்றான். வாசி என்பதற்கு மலாய்ச் சொல். அதட்டலாகக்கூடச் சொல்லவில்லை.

கேப்ரியல் மாதா பாட்டில் ஆரம்பித்தார். இரண்டாவது அடியில் அதிகாரி கண்ணை மூடிக்கொண்டு காலால் தாளம் போட்டான். இசை தெரிந்த கால் அது, சரியான இடத்தில் விழுந்தது. ஒன்றரை வருஷமாகச் சாக்குகளுக்கும் பல்லிகளுக்கும் வாசித்தவருக்கு முதல் முறையாக ஒரு ரசிகன். இடது கை தானாக வலது கையோடு சேர்ந்து நடந்தது. துருத்தி திரும்பும் இடத்தில் விக்கல் இல்லை.

பாதிப் பாட்டில் அவருக்கு உறைத்தது. ஜன்னல் திறந்திருக்கிறது. சத்தம் காட்டுக்குப் போகும்.

இங்கேதான் கதையைச் சொல்கிறவனுக்கும் வாய் கசக்கிறது. நிறுத்தியிருக்கலாம். வயிற்று வலி என்று உட்கார்ந்திருக்கலாம். கிழிந்த மடிப்பை ஓர் இழுப்பு இழுத்திருந்தால் பெட்டியே வாயை மூடியிருக்கும். பயமும் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவரை வாசிக்க வைத்தது பயம் அல்ல. அவ்வளவு நன்றாக வந்துகொண்டிருந்தது. முடிக்க ஆசைப்பட்டார். முடித்ததும் "பாகுஸ்" என்று அதிகாரி பாராட்டினான். கேப்ரியல் சிரித்துக்கொண்டே அடுத்த பாட்டை எடுத்தார்.

அது முடிவதற்குள் பதினொரு பேர் சேறும் சகதியுமாக ரப்பர் மரங்களுக்கு நடுவே நடந்து வந்தார்கள். முன்னால் வந்தவன் வீரமுத்து. அவர்களைப் பார்த்து அதிகாரிக்கே ஆச்சரியம். அவன் வலை விரிக்கவே இல்லை, மீன் தானாக வந்து விழுந்தது. சிப்பாய்கள் சுற்றி வளைத்தபோது வீரமுத்து ஆபீஸ் ஜன்னலைத்தான் பார்த்தான். கேப்ரியல் குனிந்து துருத்தியின் வாரை மாட்டிக்கொண்டிருந்தார்.

பதினொரு பேரையும் லாரியில் ஏற்றிப் போன அன்று மாலையே தோட்டத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. கிளப்பியவள் வீரமுத்துவின் மனைவி புஷ்பவள்ளி. "கழுத்துல கத்திய வச்சு வாசிக்கச் சொல்லியிருக்கானுங்க. கிராணி என்னா பண்ணுவாரு, பாவம்." எல்லோரும் அதையே சொன்னார்கள். கேப்ரியல் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். கேப்ரியலுக்கு நெஞ்சோடு விரலும் குறுகுறுத்தது. பெட்டியை அவர் மறுபடி தொடவில்லை. ஆனால் கோயிலில் முழங்காலில் நிற்கும்போதுகூட இடது கை விரல்கள் தொடையில் அந்தக் குழிப் பொத்தானைத் தேடின. வாசிக்க ஆசையாக இருந்தது. அந்த ஆசைக்காகவே தன்மேல் அவருக்கு அருவருப்பாக இருந்தது. கிராணி என்று தனக்குக் கிடைத்த ரேஷன் அரிசியில் பாதியைச் சனிக்கிழமைதோறும் புஷ்பவள்ளிக்குக் கொடுத்தார். அவளுக்கு மூன்று பிள்ளைகள். பின்வாசலுக்கு வந்து துணிப்பையை நீட்டுவாள், வாங்கியதும் "சாமி ஒங்களக் கண்ணு தொறந்து பாக்கட்டும்யா" என்பாள். ஒவ்வொரு தடவையும் அவருக்குக் கூசியது. கத்தரினும் இந்த விஷயத்தில் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. கத்தி வைத்த கதையை அவளும் நம்பியிருந்தாள்.

ஜப்பான்காரன் சரணடைந்த பிறகு, அந்த வருஷக் கடைசியில், போன பதினொரு பேரில் அர்ச்சுனன் ஒருவன் மட்டும் எலும்பும் தோலுமாகத் திரும்பினான். வீரமுத்து காலரா கண்டு சயாமிலேயே போய்ச் சேர்ந்துவிட்டான் என்றான். கேப்ரியல் குளுவாங் வரைக்கும் போய்ச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தார். பாவம் மன்னிக்கப்பட்டது என்றார் சாமியார். அபராதமாக ஜெபம் சொல்லச் சொன்னார். சாமியார் சொன்னதைப் போல மூன்று மடங்கு கேப்ரியல் ஜெபித்தார், ஆனால் மனசு லேசாகவில்லை. புஷ்பவள்ளியிடம் சொன்னால்தான் தீரும் என்று தோன்றியது.

அந்தச் சனிக்கிழமை அவள் பையில் அரிசியைக் கொட்டிவிட்டு அங்கேயே நின்றார்.

"புஷ்பவள்ளி, கழுத்துல கத்தி கித்தி ஒண்ணும் வைக்கல. அவன் நல்லபடியாத்தான் கேட்டான். பாதியில எனக்கு ஞாபகம் வந்திருச்சு. இருந்தும் நிறுத்தல. நல்லா வந்துச்சு, அதனால வாசிச்சேன்."

அவள் பையைப் பிடித்தபடி அவரைப் பார்த்தாள். அழவில்லை.

"தெரியும்யா" என்றாள். "அன்னிக்கு வீட்டுல சொட்டுத் தண்ணி இல்லாம, பயந்துக்கிட்டே ஆபீசு பின்னால கொழாயில புடிக்க வந்தேன். சன்னல் வழியா பாத்தேன். சிகரெட்டக் காதுல சொருகிக்கிட்டு நீங்க சிரிச்சீங்க."

கேப்ரியல் கேட்டார், "அப்புறம் ஏன் கத்தி வச்சான்னு சொன்னே?"

"எம்புருஷன் போன அன்னிக்கே வீட்டுல ஒரு பிடி அரிசி இல்ல. நீங்க குடுப்பீங்கன்னு எனக்குத் தெரியும். ஒங்க மூஞ்சியே சொல்லிச்சு. ஆனா தெரிஞ்சே செஞ்ச கையில வாங்கி எப்படிப் புள்ளைங்களுக்குப் போடறது? அதான் கத்தி இருந்துச்சுன்னு ஊருக்குச் சொன்னேன். சொல்லிச் சொல்லி நானும் நம்பிக்கிட்டேன். ரெண்டு வருஷம் அப்படித்தான் அந்தச் சோறு தொண்டையில எறங்குச்சு." பையை வாசற்படியில் வைத்தாள். "இப்ப நீங்களே இல்லன்னுட்டீங்க. ஒங்களுக்குப் பாரம் எறங்கிருச்சு. இனிமே நான் எப்படிய்யா வாங்குவேன்?"

"புள்ளைங்களுக்காவது எடுத்துக்கிட்டுப் போ" என்றார். அவள் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வெறுங்கையோடு இறங்கிப் போனாள்.

அடுத்த சனிக்கிழமையும் அதற்கடுத்த சனிக்கிழமையும் கேப்ரியல் பின்வாசலில் காத்திருந்தார். அவள் வரவில்லை. அவளுக்கென்று எடுத்து வைத்த அரிசியில் வண்டு விழ ஆரம்பித்ததும் கத்தரின் அதைப் புடைத்து உலையில் போட்டாள். கேப்ரியல் அதைத்தான் சாப்பிட்டார்.